நாலு பேர்

சமீபத்தில் விருதுநகரில் ஒரு கல்யாணம். தாலி கட்டிய அடுத்த நிமிஷம் எல்லோரும் பந்திக்கு ஓடினோம். ஓடினோம் என்பதை அப்படியே எடுத்துக்கொள்ளுங்கள், நிஜமாகவே ஓட்டம்தான். அப்படியும் முதல் பந்தி போய்விட்டது. அடுத்த பந்தியில் இடம் பிடிக்க நம்மூரில் என்ன வழி என்று உங்களுக்கே தெரியும். சாப்பிட்டுக்கொண்டிருப்பவர் முதுகுக்குப் பின்னால் போய் நாற்காலியைப் பிடித்துக்கொண்டு நிற்க வேண்டும். ஆள் ரசத்துக்கு வந்துவிட்டாரா, மோருக்கு வந்துவிட்டாரா என்று எட்டிப் பார்த்துக்கொண்டே நிற்க வேண்டும்.

என் பக்கத்தில் நின்ற அண்ணாச்சிக்கு எழுபது வயசிருக்கும். பருப்பு வியாபாரம் பார்த்து ஓய்ந்தவர். மகன் அமெரிக்காவில். அங்கே மூன்று மாதம் இருந்துவிட்டு அப்போதுதான் திரும்பியிருந்தார்.

"அதெல்லாம் ஒரு ஊரா தம்பி? பக்கத்து வீட்டுக்காரன் பேரு என்னன்னு கடைசி வரைக்கும் தெரியல. அவனவன் தனக்குன்னு வாழ்றான். நம்ம அப்படியா? நாலு பேருக்காக வாழ்ற சனம்ல!"

அவர் சொல்லி முடிக்கவும், முன்னால் இருந்தவர் இலையை மடிக்கவும் சரியாக இருந்தது. அந்த மனுஷன் முழுசாக எழுந்திரிக்கவில்லை. அதற்குள் அண்ணாச்சியின் துண்டு நாற்காலியில் விழுந்துவிட்டது. எழுந்தவரின் கால் மிதிபட்டு அவர் 'ஸ்ஸ்' என்றது அண்ணாச்சி காதில் விழவில்லை.

சிரிக்காதீர்கள். அடுத்த நாற்காலியில் கர்ச்சீப் போட்டது நான்தான்.

'நாம் கூட்டமாக வாழ்கிறவர்கள், வெள்ளைக்காரன் தனியாள்' என்ற இந்தப் பேச்சைக் கேட்காத தமிழன் இருக்க முடியாது. பட்டிமன்றத்தில் கேட்டிருக்கிறோம், மேனேஜ்மென்ட் வகுப்பில் கேட்டிருக்கிறோம், இப்போது வாட்ஸ்அப்பில் தினமும் காலையில் வருகிறது. எனக்கு இதில் ரொம்ப நாளாக ஒரு சந்தேகம். அந்த நாலு பேர் யார்? 'நாலு பேர் என்ன சொல்வாங்க', 'நாலு பேர் மெச்ச வாழணும்', 'கடைசியில தூக்கறதுக்கு நாலு பேர் வேணும்' என்கிறோமே, நாற்காலியில் கால் மிதிபட்டவர் அந்த நாலு பேரில் சேர்த்தியா, இல்லையா?

சாப்பிட்டுவிட்டு மொய் எழுதப் போனேன். வாசலில் மேஜை, நீள நோட்டு, எழுத ஒருவர், எண்ண ஒருவர். பேர், ஊர், தொகை. நான் படித்தது பி.காம். முதல் வருஷம் கணக்குப் பதிவியலில் சொல்லித்தந்த முதல் விதியே இதுதான்: பெறுபவரைப் பற்று வை, கொடுப்பவரை வரவு வை. ஆள்சார் கணக்குக்கான விதி. மொய் நோட்டு அதன் நேரடி உதாரணம். கல்யாண வீட்டுக்காரர் அந்த நோட்டைப் பத்திரமாக பீரோவில் வைப்பார். ஐந்து வருஷம் கழித்து உங்கள் வீட்டுப் பத்திரிகை போனதும் எடுத்துப் பார்ப்பார். பற்று என்ற வார்த்தைக்கு நம் பாஷையில் கடன் என்றும் அர்த்தம், பாசம் என்றும் அர்த்தம். இரண்டும் ஒரே வார்த்தையாக அமைந்தது தற்செயலாகக்கூட இருக்கலாம். ஆனால் மொய் நோட்டைப் பார்க்கும்போது எனக்கு அப்படித் தோன்றுவதில்லை.

இதைக் கேவலமாகச் சொல்லவில்லை. கணக்கு இருப்பதால்தான் உறவு நிற்கிறது என்று சொல்ல வருகிறேன். பெரிய மனுஷர்கள் சொல்லும் 'ஆசியப் பண்பாடு' கதையில் இந்தக் கணக்குதான் காணாமல் போகிறது.

சிங்கப்பூரின் லீ குவான் யூ 1994-ல் அமெரிக்கப் பத்திரிகை ஒன்றுக்குக் கொடுத்த பேட்டி உலகம் முழுக்கப் பேசப்பட்டது. கீழை நாடுகளில் மனிதன் குடும்பத்துக்குள் இருப்பவன், மேற்கத்தியத் தனிமனித உரிமையெல்லாம் நமக்கு அப்படியே பொருந்தாது என்பது அவர் வாதம். அதே வருஷம் அதே பத்திரிகையில் மறுத்து எழுதியவர் ஓர் ஆசியர்தான். தென்கொரியாவின் கிம் டே ஜங். சர்வாதிகாரிகளிடம் சிறைப்பட்டு, சாவின் விளிம்பு வரை போய்த் திரும்பியவர். பண்பாட்டைக் காரணம் காட்டி ஜனநாயகத்தைத் தள்ளிப்போடாதே என்றார். பின்னால் ஜனாதிபதியும் ஆனார். ஆக, ஆசியாவின் குணம் இதுதான் என்பதில் ஆசியர்களே ஒத்துப்போகவில்லை.

ஹாஃப்ஸ்டெட் என்று ஒரு டச்சுக்காரர். ஐ.பி.எம். கம்பெனியின் பல நாட்டு ஊழியர்களிடம் கேள்வித்தாள் கொடுத்து, எந்த நாட்டில் தனிமனிதப் போக்கு எவ்வளவு என்று மார்க் போட்டவர். எம்.பி.ஏ. படிக்கிற பிள்ளைகளுக்கு இவர் பேர் மனப்பாடம். அவருடைய பழைய பட்டியலில் அமெரிக்காவுக்கு 91. இந்தியாவுக்கு எவ்வளவு என்று நினைக்கிறீர்கள்? 48. ஜப்பானுக்கு 46. நாம் நட்டநடுவில் நிற்கிறோம். விரிவாக்கிய பட்டியலில் கடைசி இடம் ஆசியாவுக்கே இல்லை. 6 மார்க்கோடு மத்திய அமெரிக்காவின் குவாத்தமாலாவுக்கு. ஐ.பி.எம். ஆபீசில் டை கட்டியவர்களை வைத்து ஒரு தேசத்தையே அளந்தது சரியா என்பது வேறு விஷயம். நம்முடைய மேடைப் பேச்சுக்கு அந்த மார்க்கும் சாட்சி சொல்லவில்லை, அவ்வளவுதான்.

2014-ல் இன்னொன்று வந்தது. சீனாவில் நெல் விளையும் பகுதிக்காரர்கள் கூடி வாழ்கிறவர்கள், கோதுமைப் பகுதிக்காரர்கள் தனித்து நிற்கிறவர்கள் என்று ஒரு ஆராய்ச்சி. நாற்று நட, தண்ணீர் பங்கு வைக்கப் பக்கத்துக்காரன் தயவு வேண்டுமாம். அழகான யோசனைதான். ஆனால் விருதுநகர், சாத்தூர் பக்கத்துக் கரிசலில் நின்று இதைப் படித்தால் சிரிப்பு வருகிறது. பருத்தியும் கம்பும் மிளகாயும் மழையை நம்பிக் கிடக்கிற பூமி. ஆனால் கூடி வாழ்வதற்கு இந்த ஊர் போட்ட திட்டத்தை நெல் விளைந்த எந்த ஊரும் போட்டதாக நான் கேள்விப்பட்டதில்லை.

அந்தக் கதையைக் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும்.

பத்தொன்பதாம் நூற்றாண்டில் தெற்கேயிருந்து நாடார் வியாபாரிகள் மாட்டு வண்டியில் சரக்கேற்றிக்கொண்டு வடக்கே வந்தார்கள். வழியில் கொள்ளை பயம். சரக்கையும் மாட்டையும் பத்திரமாக நிறுத்த பேட்டைகள் கட்டினார்கள். சிவகாசி, விருதுநகர், அருப்புக்கோட்டை போன்ற ஊர்களில் நிலைத்தார்கள். கையில் காசு சேர்ந்தது, ஆனால் கோயில் வாசல் திறக்கவில்லை. கமுதிக் கோயில் நுழைவு வழக்கு லண்டன் பிரிவி கவுன்சில் வரை போய்த் தோற்றது. 1899-ல் சிவகாசியே சூறையாடப்பட்டது. இதற்கெல்லாம் நடுவில் அவர்கள் கட்டி எழுப்பியதுதான் உறவின்முறை. ஒவ்வொரு வியாபாரியும் விற்கும், வாங்கும் சரக்குக்குத் தகுந்தபடி 'மகமை' என்று ஒரு தொகை பொதுவில் கட்ட வேண்டும். விருப்பமிருந்தால் போடும் உண்டியல் அல்ல, வரி. அந்தப் பணத்தில் கிணறு, கோயில், பள்ளிக்கூடம். அமெரிக்க ஆய்வாளர் ராபர்ட் ஹார்ட்கிரேவ் 1969-ல் இதைப் பற்றி ஒரு தடித்த புத்தகமே எழுதினார்.

விருதுநகரில் 1889-ல் தொடங்கிய சத்திரிய வித்யாசாலாவின் கதை எல்லோருக்கும் தெரிந்தது. வீட்டுக்கு வீடு உலை வைக்கும்போது ஒரு பிடி அரிசியை எடுத்துத் தனியாக வைப்பார்கள். பிடி அரிசி. அது சேர்ந்து பள்ளிக்கூடச் செலவுக்குப் போகும். அந்தப் பள்ளியில் படித்த ஒரு பையன், அப்பாவை ஆறு வயதில் இழந்தவர், பாதியில் படிப்பை விட்டவர், 1954-ல் முதலமைச்சர் ஆனார்.

ரத்தத்தில் ஊறிய ஆசியக் குணமாக எனக்கு இது தெரியவில்லை. கதவைச் சாத்தினார்கள், வழி மறித்தார்கள், அடித்தார்கள். அதனால் கணக்குப் போட்டு, விதி வகுத்து, தவறினால் அபராதம் போட்டுக் கட்டிய ஏற்பாடு. மேற்கத்தியத் தனிமனிதனுக்கு எதிரானதும் அல்ல. 1922-ல் அய்ய நாடார், சண்முக நாடார் என்று இரண்டு இளைஞர்கள் தீப்பெட்டித் தொழில் கற்றுக்கொள்ள சிவகாசியிலிருந்து கல்கத்தாவுக்கு ரயிலேறினார்கள். மழை பொய்த்த ஊரில், பாஷை தெரியாத தேசத்துக்குக் கிளம்பிப் போனதைவிடப் பெரிய தனிமனிதத் துணிச்சல் என்ன இருக்கிறது? இன்றைக்கு இந்த வட்டாரத்தில் எரியும் தீக்குச்சியும் வெடிக்கும் பட்டாசும் அந்தப் பயணத்தின் வம்சம். ஊர் பின்னால் நின்றது, ஆள் முன்னால் போனான். இரண்டையும் பிரித்து இது கிழக்கு, அது மேற்கு என்று லேபிள் ஒட்டுவது எனக்குப் பிடிபடவே இல்லை. 1830-களில் அமெரிக்காவைச் சுற்றிப் பார்த்த பிரெஞ்சுக்காரர் டோக்வில், அங்கே தனிமனிதப் போக்கு வளர்வதைப் பார்த்துக் கவலைப்பட்டவர். அதே டோக்வில்தான், இந்த ஜனங்கள் எடுத்ததற்கெல்லாம் சங்கம் வைக்கிறார்களே என்று ஆச்சரியப்பட்டும் எழுதினார்.

சரி, குறையும் சொல்ல வேண்டும்.

கணக்குப் புத்தகம் என்றால் அதில் பேர் உள்ளவர், பேர் இல்லாதவர் என்று இரண்டு பிரிவு உண்டு. இது ஒரு சாதிக்கு மட்டும் உரிய விஷயம் அல்ல. தென்மாவட்டத்தில் எந்த ஊர்த் திருவிழாவுக்கும் தலைக்கட்டு வரி போடுவார்கள். கல்யாணமான ஆண், ஒரு தலைக்கட்டு. அவன் மனைவி தனியாகக் கணக்கில் வரமாட்டாள். கல்யாணமாகாதவன் வரமாட்டான். புதிதாகக் குடிவந்தவன், வேறு தெருக்காரன் வரவே மாட்டான். யோசித்துப் பாருங்கள், பிடி அரிசிப் பள்ளியில் படித்த காமராஜர் கல்யாணமே செய்துகொள்ளவில்லை. தலைக்கட்டுக் கணக்குப்படி அவர் பூஜ்யம்! அந்தப் பூஜ்யம்தான் யார் வீட்டுப் பிள்ளை என்று கேட்காமல் பள்ளிக்கூடத்தில் மதியச் சோறு போட்டது. பிடி அரிசியை ஒரு நோட்டிலிருந்து எடுத்து எல்லோருடைய நோட்டுக்கும் மாற்றியதுதான் அவர் செய்த காரியம் என்று எனக்குத் தோன்றும்.

நமக்கு அந்த மாற்றம் இன்னும் முடியவில்லை. சொந்தக்காரர் வீட்டுத் துக்கத்துக்கு ராத்திரி இரண்டு மணிக்கு பஸ் ஏறுவோம். அதே பஸ்ஸில் பக்கத்து சீட்டுக்காரர் தோளில் ஏறி ஜன்னல் வழியாகத் துண்டு போடுவோம். நம் வீட்டு வாசலைக் கூட்டிக் குப்பையை எதிர் வீட்டு ஓரம் தள்ளுவோம். தீபாவளிக்கு யார் வீட்டு வாசலில் வெடித்த காகிதம் அதிகம் என்று போட்டி போடுவோம். உள்ளே பச்சைக் குழந்தை இருக்கிறதா, படுக்கையில் பெரியவர் இருக்கிறாரா என்பது நம் நோட்டில் இல்லை. 2018-ல் உச்ச நீதிமன்றம் வந்து இரண்டு மணி நேரம்தான் என்று சொல்ல வேண்டியிருந்தது. சிவகங்கை மாவட்டம் வேட்டங்குடி சரணாலயத்தை ஒட்டிய கொள்ளுக்குடிப்பட்டி மக்களை மட்டும் யாரும் அதட்டவில்லை. எங்கிருந்தோ வந்து தங்கும் பறவைகள் பயப்படும் என்று அவர்கள் பல வருஷமாகவே தீபாவளிக்கு வெடி போடுவதில்லை. எந்த மொய் நோட்டிலும் பேர் எழுத முடியாத விருந்தாளிகள்! (சிவகாசி நண்பர்கள் கோபிக்க வேண்டாம். மத்தாப்பு விற்பனை எப்போதும்போல இருக்கட்டும்.)

நான் ஏதோ வெள்ளைக்காரனுக்கு வக்காலத்து வாங்குவதாக நினைக்காதீர்கள். என் அப்பா மதுரையில் ஆஸ்பத்திரியில் கிடந்தபோது வராந்தாவில் எந்நேரமும் பத்துப் பேர் இருந்தார்கள். யாரையும் நான் கூப்பிடவில்லை. ஒரு மதினி தினமும் இட்லி கொண்டுவந்தார். தூரத்துச் சித்தப்பா மகன் ஒருவன் ராத்திரி முறை தானாகவே எடுத்துக்கொண்டான். 'தேங்க்ஸ்டா' என்றேன். 'என்னண்ணே, வெளியாள் மாதிரிப் பேசற?' என்று முகம் சுருங்கிப் போனான். அந்தப் பத்து பேரில் ஆறு பேர் என் சம்பளம் எவ்வளவு, பில் எவ்வளவு, தம்பி ஏன் வரவில்லை என்று கேட்டு என் உயிரை எடுத்தார்கள் என்பதும் உண்மை. இட்லியும் கேள்வியும் ஒரே தூக்குவாளியில்தான் வரும். தனித்தனியாகக் கிடைக்காது.

இப்போது பிள்ளைகள் அதைப் பிரித்துப் பார்க்கிறார்கள். வருவதற்கு முன் போன் செய்கிறார்கள். ரூம் கதவைத் தட்டுகிறார்கள், நம்மையும் தட்டச் சொல்கிறார்கள். அம்மா காபி கொடுத்தால் 'தேங்க்ஸ்மா' என்கிறார்கள். பெரியவர்களுக்கு இது அந்நியமாகப் படுகிறது. எனக்கு முதலில் உறுத்தியது, இப்போது பிடித்திருக்கிறது. நாற்பது வருஷம் காபி போட்டவளுக்கு அந்த ஒரு வார்த்தை வந்து சேராமல் போனதை நம் பெருமையில் எந்தப் பக்கம் எழுதுவது?

கல்யாணத்துக்கு மறுநாள் சிவகாசிக்குப் போக வேண்டியிருந்தது. அக்கா மகள் கல்யாணப் பத்திரிகை அச்சடிக்க. பிரஸ்காரர் அனுபவஸ்தர். "மாப்பிள்ளை பேரு தப்பாப் போனாக்கூடச் சமாளிச்சிடலாம் சார். தாய்மாமன் பேரு விட்டுப்போச்சுன்னா கல்யாணம் நின்னுரும்" என்றார். அதனால் பெயர்ப் பட்டியலைத்தான் நாலு முறை புரூஃப் பார்ப்பாராம். மணமக்கள் பேர் மட்டும் போட்ட சின்ன அட்டைகளையும் காட்டினார். இப்போது சிலர் அப்படியும் கேட்கிறார்களாம். எங்கள் வீட்டில் அது நடக்காது. எங்கள் பட்டியல் இரண்டு பக்கம்.

திரும்பும் பஸ்ஸில்தான் அந்த அக்காவைப் பார்த்தேன். அவர் சொன்னதற்கு முன்னால் உங்களுக்கு ஒரு விஷயம் சொல்ல வேண்டும்.

பட்டாசு ஆலையில் மருந்து கையாளும் ஓர் அறையில் நாலு பேருக்கு மேல் இருக்கக் கூடாது என்பது விதி. விபத்து நடந்தால் சாகிற எண்ணிக்கை நாலைத் தாண்டக் கூடாது என்ற கணக்கு. கேட்கவே கொடூரமாக இருக்கிறது, ஆனால் உயிர்களைக் காப்பாற்றும் விதி. தீபாவளி நெருங்கும்போது ஆர்டர் குவியும். வேலை பீஸ் ரேட்டு. உரிமம் ஒருவர் பேரில் இருக்க, உள்குத்தகைக்கு எடுத்த வேறு ஒருவர் நடத்துவார். நாலு பேர் அறையில் ஐந்தாவது ஆள் வந்து உட்காருவார். அப்புறம் ஆறாவது. 2021 பிப்ரவரி 12-ல் சாத்தூர் அருகே அச்சங்குளத்தில் 20 பேருக்கு மேல் போனார்கள். 2012 செப்டம்பர் 5-ல் சிவகாசி அருகே முதலிப்பட்டியில் ஏறத்தாழ 40 பேர். முதலிப்பட்டியில் செத்தவர்களில் பலர் அந்த ஆலையில் வேலை பார்த்தவர்களே அல்ல. முதல் சத்தம் கேட்டதும் பக்கத்து ஊர்களிலிருந்து காப்பாற்ற ஓடியவர்கள், என்ன ஆச்சோ என்று பார்க்கப் போனவர்கள். யார் வீட்டு ஆள், என்ன உறவு என்று கேட்டுவிட்டு அவர்கள் ஓடவில்லை. அடுத்த வெடிப்பில் போய்ச் சேர்ந்தார்கள்.

விபத்துக்குப் பிறகு இப்படி உயிரைக் கொடுத்து ஓடுகிற ஜனம், விபத்துக்கு முன்னால் அந்த ஐந்தாவது ஆளைப் பார்த்து 'வேண்டாம், எழுந்திரு' என்று ஏன் சொல்வதில்லை? இதுதான் எனக்கு விளங்காமல் இருந்தது.

பஸ்ஸில் முன் சீட்டில் இருந்த அந்த அக்காவுக்கு ஐம்பது வயசிருக்கலாம். கைவிரல் இடுக்கில் பசை காய்ந்திருந்தது. பேச்சு பட்டாசு வேலை பக்கம் போனது.

"நாலு பேரு ரூம்ல ஏழு பேரு சார். தீபாவளிக்கு இருபது நாளு இருக்கும். எனக்கு மூச்சு முட்டிச்சு. நான் எந்திரிச்சு வெளிய வந்து வேப்ப மரத்தடியில உக்காந்துட்டேன். ஆளைக் குறைச்சா உள்ள வாரேன்னுட்டேன்."

"முதலாளி திட்டினாரா?"

"அவரு ஒண்ணுமே சொல்லல. எங்க ஊர்ப் பொம்பளைகதான். வேன்ல ரெண்டு வாரம் எங்கூட யாரும் பேசல. உனக்கு மட்டும்தான் உசுரா, எல்லாருக்கும் கூலி கெடுக்கப் பாக்கியான்னு. எங்க மதினியும் பேசல."

"அப்புறம்?"

"அப்புறம் என்ன? நின்னுட்டேன். இப்பத் தீப்பெட்டி ஆபீசு. கூலி கம்மிதான்."

"அவங்க இப்போ பேசறாங்களா?"

"பேசுவாக. போன மாசம் எங்க வீட்டுல ஒரு விசேஷம், எல்லாரும் வந்து மொய் வச்சாக. அது எப்படி வராம இருப்பாக?" என்று சிரித்தார். ஊர் வந்ததும் தூக்குவாளியை எடுத்துக்கொண்டு எழுந்தவர், படிக்கட்டு வரை போய்த் திரும்பிப் பார்த்தார்.

"இவ்வளவு நேரம் பேசிட்டு வந்தோம், கேக்க மறந்துட்டேன். நீங்க எந்த ஊரு, யாரு வீடு?"